பாசியை உரித்த இடம்

ஹாரா அலாஸ்
அக்டோபர் 2

துயாரா,

இரண்டு வருடமாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. இது வேலை விஷயம், தாளில் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடமும் மழை இல்லை. அலாஸ் பள்ளத்துப் புல்வெளி நடுவில் புல் கணுக்கால் உயரம்கூட வரவில்லை. ஆனால் நீ ஆராய்ச்சிக் குழாய் சொருகிய அந்தக் குட்டையைச் சுற்றி மட்டும் என் நெஞ்சு உயரம். அந்த வளையத்தில் மட்டும் இரண்டு புல் போர் போட்டேன். கேஷா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கவ்ரில், உன் தங்கச்சி தோண்டின பள்ளத்துல என்னடா இப்படி விளையுது! எங்க பக்கமும் ஒண்ணு தோண்டச் சொல்லேன்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் பத்து நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு.

முடிவு இது. வடக்கு ஓரத்து லார்ச் காட்டில் முப்பது ஹெக்டேர். குளிர்காலத்தில் மரம் வெட்டுவோம். மே மாதம் கேஷாவின் டிராக்டரால் தரையை மூடிய பாசியை உரித்தெடுப்போம். வெயில் பட்டு மண் இளகினால் அங்கேயும் அதே புல் வரும். பத்துக் குடும்பம் சேர்ந்து செய்கிறோம்.

வன அலுவலகத்தில், மண் படித்த ஒருவர் "இதனால் நிலத்துக்குக் கேடில்லை" என்று ஒரு பக்கம் எழுதி முத்திரை வைத்துத் தரவேண்டும் என்கிறார்கள். மண் படித்தவர் எங்கள் ஊரில் நீ ஒருத்திதான்.

நான் உன்னிடம் உதவி கேட்பதாக நினைக்காதே. பத்துக் குடும்பம் கேட்கிறது. லேனா ஆறு உறையத் தொடங்கினால் படகு நின்றுவிடும். அதற்குமுன் பால் வண்டி ஸ்தெபானிடம் கொடுத்து அனுப்பு.

கவ்ரில்


யாகுத்ஸ்க்
அக்டோபர் 11

அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் பயந்தேன். அண்ணி நலமா? நீ அதை எழுதவில்லை.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படி.

நம் காட்டுக்குக் கீழே உறைந்து கிடக்கும் மண் செத்த மண் இல்லை. அதற்குள் இருபதாயிரம் வருடத்துப் புல், வேர், மிருகங்களின் சாணம் எல்லாம் மட்காமல் அப்படியே இருக்கின்றன. மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் அங்கேயே இருக்கின்றன. பெரும்பாலானவை சாகவில்லை, உறங்கிக் கிடக்கின்றன. மண் இளகினால் விழிக்கின்றன, தின்கின்றன. தின்னும்போது தழைச்சத்தை மண்ணில் விடுகின்றன. உன் புல் நெஞ்சு உயரம் வந்தது அதனால்தான். அது மழையில் வளர்ந்த புல் இல்லை. பழைய சேமிப்பை அந்த உயிர்கள் உடைத்துக் கொடுத்ததில் வளர்ந்தது.

சேமிப்பு ஒரு முறைதான் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், நம் மண்ணில் பாதி ஐஸ். ஐஸ் உருகினால் மண் உட்காரும், தண்ணீர் நிற்கும். நாலைந்து வருடம் நல்ல புல், பிறகு சதுப்பு, பிறகு குளம். முப்பது ஹெக்டேர் குளம்.

நான் சொல்வதை நம்பவேண்டாம், நீயே அளந்து பார். நிலம் இறுகுவதற்குள் ஒரு நீள இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய், காட்டுப் பாசிக்குள்ளும் குட்டை ஓரத்திலும் குத்திப் பார். எவ்வளவு ஆழத்தில் உறைநிலம் தட்டுகிறது என்று எழுது. குட்டையின் அடி மண் கொஞ்சம், காட்டு மண் கொஞ்சம் மூடிபோட்ட பாட்டிலில் அனுப்பு.

துயாரா


ஹாரா அலாஸ்
டிசம்பர் 3

துயாரா,

உறைந்த ஆற்றின்மேல் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பாட்டில்கள் இரண்டு, ஸ்தெபானிடம் இருக்கின்றன. வெள்ளரி ஊறுகாய்ப் பாட்டில்கள். அவனிடம் சொல்லிவிடு, போன தடவை மார்ஃபா கொடுத்த ஜாமை வழியிலேயே தின்றான். இதையும் திறந்து பார்த்துவிடப் போகிறான்.

அளந்தேன். காட்டில் கம்பி ஒரு மீட்டர் பத்து சென்டியில் நின்றது. குட்டை ஓரத்தில் மூன்று மீட்டர்க் கம்பி முழுக்க உள்ளே போய்விட்டது, தட்டவே இல்லை. திரும்ப இழுக்க கேஷாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அவனுக்கு வேறொன்றும் நடந்தது. நவம்பரில் குட்டை ஐஸுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் நின்றன. கடப்பாறையால் ஒன்றை உடைத்தேன், புஸ்ஸென்று காற்று வந்தது. கேஷா குனிந்து பார்த்தபடியே சிகரெட் பற்றவைத்தான். ஆள் உயரத்துக்குத் தீ. ஒரு புருவம் போயிற்று. "நீ சொல்லக்கூடாதா!" என்று என்மேல் பாய்ந்தான். "எனக்கென்னடா தெரியும், படிச்சவ யாகுத்ஸ்க்ல இருக்கா, அவகிட்ட கேளு" என்றேன்.

கேட்கிறேன். அது என்ன காற்று? எங்கள் கிணற்றுக்கு ஏதாவது ஆகுமா?

மார்ஃபா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி.

கையெழுத்து விஷயத்தில் உன் பதில் எனக்குப் போதாது. புல் வருகிறதா இல்லையா? வருகிறது என்று நீயே சொல்கிறாய். பதினொரு மாட்டுக்கு இந்தக் குளிர்காலம் புல் போதாது. நாலைந்து வருடம் நல்ல புல் என்றால் நாலைந்து வருடம் மாடு பிழைக்கும்.

கவ்ரில்


யாகுத்ஸ்க்
டிசம்பர் 22

அண்ணா,

பாட்டில்கள் பத்திரமாக வந்தன. ஸ்தெபான் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறான். "மாட்டுக் கொட்டகை வாடை அடிக்குது, உங்க அண்ணனுக்கு உம்மேல இன்னும் கோவம்தான்" என்றான்.

அந்தக் காற்று மீத்தேன். மண்ணில் காற்றோட்டம் இருந்தால் நுண்ணுயிர்கள் நம்மைப்போலவே மூச்சு விடுகின்றன. தண்ணீருக்கு அடியில் காற்று கிடைக்காது. அப்போது அங்கே வேறொரு வகை பெருகுகிறது, அது விடுவதுதான் எரியும் காற்று. உன் காட்டு மண்ணில் அந்த வகையைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. குட்டை மண்ணில் நூற்றுக்கு ஒன்பது அதுதான். ஆறு வருடத்துக்கு முன் அதே இடத்து மண்ணில் ஏறக்குறைய இல்லை.

கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது, தூரம் அதிகம். ஆனால் குட்டைப் பக்கம் யாரையும் பீடி சிகரெட் பிடிக்கவிடாதே.

இளகிய மண்ணைத் திரும்ப உறைய வைக்க நம்மால் ஆகாது. ஒரு முறை தொடங்கினால் அந்த உயிர்களும் நிற்காது. தயவுசெய்து வடக்கு ஓரத்தைத் தொடாதீர்கள்.

அண்ணியின் முழங்காலுக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் கொடு.

துயாரா


ஹாரா அலாஸ்
ஜனவரி 16

துயாரா,

களிம்பு யார் கொடுத்தது என்று மார்ஃபா கேட்டாள். சொன்னேன். பூசிக்கொண்டாள்.

இனி உன் தாள் வேண்டாம். ஓய்வுபெற்ற ஒரு வேளாண் ஆள் கிடைத்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். மரம் வெட்டு பாதி முடிந்தது. பாசி மே மாதம்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. இரண்டு வாரமாக மரம் வெட்டும்போதெல்லாம் அதையே யோசிக்கிறேன்.

அந்தக் குட்டைக் கரை இடிந்து சாம்பல் பெட்டைக் குதிரை சேற்றில் சிக்கிச் செத்ததே, அன்றைக்கு உன்னைப் போனில் கேட்டேன். "இந்தப் பள்ளம் நீங்க செஞ்சதா?" என்று. நீ என்ன சொன்னாய்? "இல்லண்ணா. வெயில் கூடிப்போச்சு. எல்லா எடத்துலயும் நிலம் தானா இறங்குது" என்றாய். வயிற்றில் குட்டியோடு இருந்த குதிரை. அதுவே பிறந்த அன்று தாயை இழந்து, மார்ஃபா பாட்டில் பால் கொடுத்து வளர்த்த குதிரை. நீ வரவும் இல்லை. அதற்காகத்தான் நான் உன்னோடு பேசவில்லை. பள்ளத்துக்காக இல்லை, வராததற்காக.

சரி, நிலம் தானாக இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வடக்கு ஓரமும் ஒரு நாள் தானாக இறங்கத்தானே போகிறது? நாங்கள் பாசியை உரித்தாலும் உரிக்காவிட்டாலும்? குளமாகப் போகிற இடத்தில் அதற்குமுன் நாலு வருடம் புல் அறுத்தால் என்ன குற்றம்?

இதற்கு மட்டும் பதில் எழுது. நுண்ணுயிர் கதை வேண்டாம்.

கவ்ரில்


யாகுத்ஸ்க்
பிப்ரவரி 4

அண்ணா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை கிழிக்காமல் அனுப்புகிறேன்.

நிலம் தானாக இறங்கவில்லை. அதை நாங்கள் இறக்கினோம்.

ஏழு வருடத்துக்கு முன் ஜூனில் நானும் இரண்டு பேரும் வந்து கூடாரம் போட்டோமே. அப்போது மரமும் புதரும் வெட்டி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரத்தில் பாசியை மண்வெட்டியால் உரித்தெடுத்தோம். அதற்குத்தான் வந்தோம். பாசிப் போர்வை இல்லாமல் மண் இளகினால் நுண்ணுயிர்கள் எவ்வளவு வேகமாக விழிக்கின்றன, எவ்வளவு காற்று விடுகின்றன என்று அளப்பதுதான் வேலை. நீ கேட்டபோது "குழாய் வைக்க இடம் சுத்தம் பண்றோம்" என்றேன். அனுமதித் தாளில் பாசி உரிப்பது எழுதியிருந்தது. நீ படிக்கவில்லை. "நீ குடுத்தா சரிதான், எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாய். படி என்று நான் சொல்லவில்லை.

அந்தச் சதுரத்துக்கு அடியில் இவ்வளவு ஐஸ் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. இது உண்மை. ஆனால் இரண்டாவது கோடையிலேயே நடுப்பகுதி முழங்கால் ஆழம் இறங்கியது, அப்போது தெரிந்துவிட்டது. வேலி போட்டிருக்கவேண்டும். வேலி போட்டால் நீ ஏன் என்று கேட்பாய், கேட்டால் சொல்லவேண்டும், சொன்னால் அந்த இடத்தில் எங்களை விடமாட்டாய் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது கோடையில் தண்ணீர் நின்றது. ஐந்தாவது கோடையில் குதிரை.

நீ போனில் கேட்டபோது பொய் சொன்னேன். வராமல் இருந்ததும் அதனால்தான். நேரில் உன் முகத்தைப் பார்த்து அதே பொய்யைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இன்னொன்று. நாங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இது எல்லாமே உள்ளது. "பாசி கையால் அகற்றப்பட்டது" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உனக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். சதுரத்துக்கு எட்டு மீட்டர் தள்ளி, பாசியைத் தொடாத இடத்திலும் ஒரு குழாய் வைத்திருக்கிறோம். அதே வெயில், அதே மழை, அதே ஏழு வருடம். அங்கே உறைநிலம் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் கீழே போயிருக்கிறது. சதுரத்தில் மூன்று மீட்டர் ஆழத்திலும் உறைநிலம் தட்டவில்லை, அதை நீயே கம்பியால் பார்த்தாய். தானாக என்று நான் சொன்னது ஒரு பொய், ஆனால் நீங்கள் அதை நம்பி முப்பது ஹெக்டேரை உரிக்கப் போகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

துயாரா


ஹாரா அலாஸ்
மார்ச் 1

கடிதம் வந்தது. மார்ஃபாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலி என்று வந்த இடத்தில் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டாள். மாடு கறக்கும் நேரம்கூட இல்லை.

இனி எழுதாதே.

கவ்ரில்


யாகுத்ஸ்க்
மார்ச் 19

இது கடிதம் இல்லை. இரண்டு குழாய்களின் ஏழு வருட அளவுகளையும் நம் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு தாள்தான். அடியில் மரம் வெட்டிய இடத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது. வேர்க்கட்டைகளைப் பிடுங்காதீர்கள், பாசியைத் தொடாதீர்கள், வெட்டிய கிளைகளைப் பரப்பி நிழல் கொடுங்கள். கிளைகளுக்கு இடையில் பிர்ச் மரம் தானாக வரும்.

து.


ஹாரா அலாஸ்
ஏப்ரல் 29

துயாரா,

எழுதாதே என்று சொன்னது நான்தான். ஆனால் நடந்ததை நீ வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாது. ஆற்று ஐஸ் உடையப் போகிறது, இதுதான் ஸ்தெபானின் கடைசி நடை.

ஞாயிற்றுக்கிழமை பகல் கிராமக் கூடத்தில் கூட்டம். பத்துக் குடும்பமும் வந்தது. உன் கடிதத்தை நான் எழுந்து நின்று வாசித்தேன். முழுக்க. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும்தான். அந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

முடித்ததும் கேஷா எழுந்தான்.

"நிறுத்துடா. உன் தங்கச்சி ரெண்டு வருஷமா பொய் சொன்னான்னு நீயே படிக்கிற. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்புறது?"

நான் அதை மார்ச் முழுக்க யோசித்திருந்தேன். அதனால் பதில் இருந்தது.

"அப்ப சொன்னது அவளுக்குச் சாதகமா இருந்துச்சு கேஷா. இப்ப சொல்றதுல அவளுக்கு என்ன மிச்சம்? இதுக்கு மேலயும் வித்தியாசம் தெரியலன்னா நீ போய் டிராக்டர ஓட்டு."

"மாட்டுக்கு எதப் போடுறது? அவ கடிதத்தையா?"

பிறகு மார்ஃபா பேசினாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கம்பிய இழுக்க நீதான வந்த கேஷா? மூணு மீட்டர் உள்ள போச்சே. உன் வீட்டுக்கு அடியில அப்படிப் போனா உன் மாட்ட எங்க கட்டுவ?"

வாக்கெடுத்தோம். பாசியைத் தொடவேண்டாம் என்று ஏழு குடும்பம். கேஷாவோடு மூன்று. வெட்டிய இடத்தில் கிளை பரப்பும் வேலை நேற்றே தொடங்கிவிட்டது.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இதற்குப் பத்துக் குடும்பமும் கை தூக்கியது, நானும்தான். உங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழாய்கள், பெட்டிகள் எல்லாம் ஜூன் முடிவதற்குள் எங்கள் அலாஸிலிருந்து போகவேண்டும். இனி வரவும் வேண்டாம்.

ஏழு வருட அளவு உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கினேன்.

கவ்ரில்


யாகுத்ஸ்க்
ஜூன் 9

அண்ணா,

படகு நேற்றுத்தான் ஓடத் தொடங்கியது. ஸ்தெபான் கடக்குமுன் ஐஸ் உடைந்துவிட்டதால் உன் கடிதம் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு மாதத்துக்கும் மேல் கிடந்திருக்கிறது.

முடிவு சரிதான். நானும் அங்கே உட்கார்ந்திருந்தால் கை தூக்கியிருப்பேன் என்று எழுத நினைத்தேன், அது பொய். தூக்கியிருக்கமாட்டேன். ஆனால் சரிதான்.

இருபதாம் தேதி இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். நான் அவர்களோடு வரவில்லை, வரவேண்டாம் என்றுதானே முடிவு. குட்டையைச் சுற்றி வேலி போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கம்பங்களும் கம்பியும் இங்கிருந்தே வருகின்றன. எங்கள் தலைவர், "இப்ப எதுக்கு வேலி? எடத்தையே விட்டாச்சே" என்றார். நான் செலவுத் தாளை அவர் முன்னால் நகர்த்தினேன். அவரும் அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கூடத்தில் அண்ணி பேசியதைப் பல முறை படித்தேன். அவர்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு தாளை எடுத்து "அண்ணி" என்று எழுதினேன், அதோடு நிற்கிறது.

மாடுகளுக்கு என்ன செய்யப் போகிறாய்?

துயாரா


ஹாரா அலாஸ்
ஜூலை 13

துயாரா,

உன் ஆட்கள் வந்தார்கள், வேலை சுத்தமாகச் செய்தார்கள். வேலி உறுதியாக இருக்கிறது. போகும்போது ஒரு பையன் மார்ஃபாவிடம் "இந்த எடத்தப் பத்தி எங்க பாடத்துல வருது" என்றானாம். "குதிர வருதா?" என்று இவள் கேட்டாள். அவன் முழித்தான்.

மாடுகளைப் பற்றிக் கேட்டாய். பதினொன்றில் நாலை இலையுதிர்காலத்தில் வெட்டவேண்டும். எந்த நாலு என்று மார்ஃபா முடிவு செய்துவிட்டாள், என்னிடம் சொல்லவில்லை. மீதி ஏழுக்குப் புல் போதும். மற்ற வீடுகளிலும் இதே கணக்குத்தான், ஒருவரும் சந்தோஷமாக இல்லை.

கேஷா போய்விட்டான். மாடுகளை விற்று, மகன் இருக்கும் ஊருக்கு. அவன் பக்கத்திலும் பாசியைத் தொடவில்லை, அதைச் சொல்லவேண்டும். டிராக்டரை எங்கள் வாசல் வழியாகத்தான் ஓட்டிப் போனான், நிறுத்தவில்லை. முப்பது வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கிண்டல் செய்த ஆள். இப்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

திங்கள்கிழமை புல் அறுப்பு தொடங்குகிறது. கேஷா இல்லாததால் ஒரு ஆள் குறைகிறது. மார்ஃபாவிடம் உன்னைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பிசைவதை நிறுத்தவில்லை.

"ஊர்க் கூட்டம் நிறுவனத்தத்தான் வரவேணாம்னுச்சு. உன் தங்கச்சிய யாரு சொன்னா? வரட்டும். வந்து புல்லு அறுக்கட்டும். குதிரயப் பத்தி எங்கிட்ட பேசணும்னா அறுத்து முடிச்சிட்டுப் பேசட்டும்."

மன்னித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வராதே. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்தெபான் வெள்ளிக்கிழமை காலை சந்தையிலிருந்து கிளம்புகிறான். முன் இருக்கையை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கொசு இந்த வருடம் அதிகம், முகத்துக்கு வலை கொண்டுவா.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மீதியை நேரில் காட்டுகிறேன், எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

கவ்ரில்